தேங்காய்ப் படமும் ஒரு ரூபாய்ப் பாக்கெட்டும்

காட்டாங்குளத்தூருக்கும் அதையடுத்த பொத்தேரி, மறைமலை நகர், கூடுவாஞ்சேரிப் பகுதிகளுக்கும் படிப்பையோ பிழைப்பையோ முன்னிட்டுப் புதிதாகக் குடிவருகிறவர்கள், வந்த சில வாரங்களிலேயே, வீட்டு வாடகை, ஜி.எஸ்.டி. சாலையின் மாலை நேரத்து நெரிசல், செங்கல்பட்டு மின்சார ரயிலின் கூட்டம் ஆகிய குறைகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அநேகமாக ஒரே குறையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள்: இந்த ஊர்த் தண்ணீரில் தலைக்குக் குளித்தால் முடி கொட்டுகிறது என்பதுதான் அது. 1985-இல் இங்கே பொறியியல் கல்லூரியாக ஆரம்பித்து, இன்று பல்கலைக்கழகமாக விரிந்திருக்கும் எஸ்.ஆர்.எம். நிறுவனத்தைச் சுற்றி விடுதிகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் பெருகப் பெருக, ஏரிகளுக்குப் பெயர்போன செங்கல்பட்டுச் சீமையின் இந்தப் பகுதி, ஆழ்துளைக் கிணற்றையும் தண்ணீர் லாரியையும் நம்பி வாழும் பகுதியாக மாறிவிட்டது. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிச் சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் தன்னுள் கரைத்துக்கொண்ட நீர், மோட்டாரின் பலத்தால் மேலே வந்து, வாளியின் உட்புறத்தில் வெள்ளை வளையமாகவும், குழாயின் வாயில் கெட்டிப் பொருக்காகவும், கீசரின் கம்பிச் சுருளில் ஓடாகவும் தன் குணத்தைக் காட்டிவிடுகிறது.

முடி வேரோடு உதிர்வதற்கு இரத்தச்சோகை முதல் பரீட்சைக் கவலை வரை வேறு காரணங்கள் அநேகம் உண்டாகையால், முழுப் பழியையும் தண்ணீரின்மேல் சுமத்துவது நியாயமல்ல. ஆனால் கடின நீரில் சோப்பு நுரைக்காது என்பதும், சோப்பிலுள்ள கொழுப்பமிலம் சுண்ணாம்போடு கூடிக் கரையாத பிசுக்காகி மயிரிலும் தோலிலும் படிந்துவிடும் என்பதும், பள்ளிக்கூடத்து இரசாயனப் பாடத்திலேயே உள்ள விஷயங்கள். இந்தியத் தர நிர்ணய அமைப்பு, குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே உசிதமென்றும், வேறு நீர் கிடைக்காத நிர்ப்பந்தத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாமென்றும் வரையறுத்திருக்கிறது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறவர்கள்கூடக் குளிக்கக் கேன் தண்ணீர் வாங்க முடியாது. ஆகவே இந்தப் பிராந்தியத்தில் ஸ்நான சாமக்கிரிகைகளைப் பற்றிய விசாரம் சௌந்தரிய விலாசத்தைச் சேர்ந்ததல்ல, அன்றாட ஜீவனத்தைச் சேர்ந்தது என்பதே என் அபிப்பிராயம்.

நம்முடைய பாட்டிமார் இந்தத் தொல்லையை அறியாதிருந்ததற்கு அவர்களுடைய கிணறுகள் ஆழமில்லாதவை என்பது ஒரு காரணம். அவர்கள் தேய்த்துக் குளித்தது சோப்பே அல்ல என்பது மற்றொன்று. சீயக்காயிலும் அரப்பிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள நுரைக்கும் சத்து, காரத்தைக் கொண்டு காய்ச்சப்பட்டதல்ல. அது சுண்ணாம்போடு கூடிப் பிசுக்காவதுமில்லை. சோப்பு வந்தபின் நிலைமை மாறிற்று. 1914-இல் சென்னை மாகாண அரசாங்கமே கோழிக்கோட்டில் ஒரு சோப்புத் தொழிற்சாலையைத் தொடங்கியதும், 1917-இல் டாட்டா எண்ணெய் ஆலை கொச்சிப் பக்கத்தில் கொப்பரையை ஆட்டுவதற்கென்றே நிறுவப்பட்டதும், தென்னந்தோப்புகள் நிறைந்த மலையாளக் கரையில்தான். சென்னை நகரத்திலே, ரயில்வேயில் வைத்தியராயிருந்த வி. பி. சித்தன், தொழிலாளிகளின் தோல் உபாதைகளைக் கண்டு, தேங்காயெண்ணெயையும் மூலிகைகளையும் கொண்டு வீட்டிலேயே காய்ச்சிய பச்சை நிறச் சோப்பு, 1969-இல் மெடிமிக்ஸ் என்ற பெயரோடு கடைக்கு வந்தது. தேங்காயெண்ணெய்க்கு இந்தத் தொழிலில் இவ்வளவு மதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம், அதில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம் என்ற ஒரே கொழுப்பமிலமாயிருப்பதுதான். மற்ற எண்ணெய்ச் சோப்புகள் கைவிட்டுவிடும் உவர் நீரிலும் தேங்காயெண்ணெய்ச் சோப்பு நுரைக்கும். கப்பலோட்டிகள் கடல் நீரில் குளிப்பதற்கென்று ஒரு காலத்தில் அதைத்தான் கொண்டுபோனார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. எந்தத் தேங்காயெண்ணெய், தலைமுறை தலைமுறையாகக் குழந்தையின் உச்சந்தலையில் வைக்கும் அளவுக்குச் சாதுவான வஸ்து என்று நாம் நம்பியிருக்கிறோமோ, அதே எண்ணெய் தொழிற்சாலைக்குள் நுழைந்து எந்த வாசல் வழியாக வெளியே வருகிறது என்பதைப் பொறுத்து அதன் குணம் அடியோடு மாறிவிடுகிறது. காஸ்டிக் காரத்தோடு சேர்ந்தால் அது சோப்பு: அமில கார எண்ணில் (pH) சருமத்தின் இயல்பான மென்புளிப்பு ஐந்தை ஒட்டியிருக்க, சோப்பின் காரம் ஒன்பது பத்தில் நிற்கும். அதே லாரிக் அமிலத்தை ஆல்கஹாலாக்கிக் கந்தகத்தோடு சேர்த்தால் அது சோடியம் லாரில் சல்பேட்: நுரைப்பதில் நிகரில்லாதது, ஆனால் தோல் வைத்தியர்கள் எரிச்சலை அளந்து பார்க்கும் ஆராய்ச்சிகளில், எரிச்சல் உண்டாக்குவதற்கென்றே வேண்டுமென்று தடவும் அளவுகோல் வஸ்துவும் அதுதான். மூன்றாவதாக, அதே கொழுப்பமிலத்தை வேறொரு மார்க்கத்தில் நடத்திச் சென்றால் கோக்கமிடோபுரோப்பைல் பீட்டெய்ன் என்ற, பெயரில் கரடுமுரடும் குணத்தில் மென்மையும் உடைய வஸ்து கிடைக்கிறது. மூன்றும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றின் நடத்தைக்கு மற்றொன்று ஜவாப்தாரியல்ல.

இந்த மூன்றாமவரைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். சென்னைப் பாரிமுனையின் கோவிந்தப்ப நாயக்கன் தெருவில், இரசாயனச் சரக்கும் வாசனைச் சரக்கும் விற்கும் கடைகளுக்கு, தாம்பரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பினாயில், பாத்திரம் துலக்கும் திரவம், ஷாம்பு முதலியவற்றைச் சிறு அளவில் தயாரிக்கும் பெண்கள் ரயிலேறி வருவதுண்டு. கடைக்காரரிடம் அவர்கள் முழுப் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை, “ஆசிட் ஸ்லரி”, “எஸ்.எல்.இ.எஸ். பேஸ்ட்”, “சி.ஏ.பி.பி.” என்றால் போதும். இந்தக் கடைசிப் பெயருக்கு, அதாவது நம்முடைய பீட்டெய்னுக்கு, கிடைப்பது, வெளிறிய மஞ்சள் நிறத்தில், அதிக வாசனையில்லாமல், இலேசான பாகுபோல் ஓடும் ஒரு திரவம்; அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே காரியத்துக்கான வஸ்து, மீதி பெரும்பாலும் தண்ணீரும் சிறிது உப்பும். எஸ்.எல்.இ.எஸ். என்கிற சோடியம் லாரெத் சல்பேட்டைத் தண்ணீரில் கரைத்து, இதைக் கூட்டி, பிறகு சாதாரணச் சமையல் உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டுக் கலக்கினால், தண்ணீராய் நின்றது திடீரென்று குழைந்து ஷாம்புவுக்குரிய கனத்தை அடையும் காட்சி, முதன்முறை காண்பவருக்கு ஆச்சரியமாகவே இருக்கும். கனம் இன்னும் வேண்டுமென்ற ஆசையில் ஒரு கரண்டி உப்பை அதிகமாகப் போட்டுவிட்டாலோ, கூடிய கனம் மறுபடி கலைந்து பழையபடி நீர்த்துப் போய்விடும். பிறகு அதைச் சீர்படுத்துவது பிரயாசை.

பீட்டெய்னின் மென்மை எங்கிருந்து வருகிறதென்றால், அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் ஒருங்கே குடியிருக்கின்றன. லாரெத் சல்பேட்டின் மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் மட்டும் உடையவை. அவை தனித்தனியே திரிந்து தோலின் புரதத்தில் சென்று ஒட்டுவதால்தான் எரிச்சலும் வறட்சியும் உண்டாகின்றன. பீட்டெய்ன் நடுவே புகுந்ததும் இரண்டும் கூடிப் பெரிய திரள்களாகச் சேர்ந்துவிடுவதால், தோலைத் தேடிப் போகும் உதிரி மூலக்கூறுகள் குறைந்துவிடுகின்றன. நுரை மட்டும் குறைவதில்லை. 1950-களில் அமெரிக்காவில், கண்ணில் பட்டால் எரியாத குழந்தை ஷாம்பு என்று பிரஸ்தாபிக்கப்பட்ட சரக்குக்கு ஆதாரமாயிருந்தவையும் இந்த இரட்டை மின்னேற்ற இனத்தைச் சேர்ந்த வஸ்துக்களே. சுண்ணாம்பு நீரிலும் பீட்டெய்ன் பிசுக்காவதில்லை. ஆகையால் நம்முடைய புறநகர்களைப் போன்ற இடங்களில், நுரை போதாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அள்ளி அள்ளித் தேய்க்கிறவர்களுக்கு, மென்மையான அழுக்ககற்றி இருப்பது உண்மையிலேயே பிரயோஜனமுள்ள சௌகரியம். தண்ணீரின் கடினத்தை அது மாற்றிவிடும் என்று மட்டும் யாரும் எதிர்பார்க்க வேண்டாம். வாளியின் வெள்ளை வளையம் அப்படியேதான் இருக்கும்.

இவ்வளவு நற்குணம் உள்ளதைப் பற்றி விளம்பரக்காரர்கள் சொல்வது என்னவோ, “தேங்காயிலிருந்து எடுக்கப்பட்டது” என்ற ஒரே வாக்கியம். கூடவே பிளந்த தேங்காயின் படமொன்று, வெள்ளைப் பருப்பும் இரண்டு பச்சை ஓலையுமாக. இந்த வாக்கியம் பொய்யல்ல. அதனாலேயே அது அதிக ஆபத்தானது. முதலாவது, அந்த மூலக்கூறின் நீண்ட வால் தேங்காயிலிருந்து வந்திருக்கலாமே தவிர, இரண்டு மின்னேற்றங்களையும் தாங்கும் தலைப்பகுதி பெட்ரோலிய இரசாயனத் தொழிலிலிருந்து வருவது: டைமெத்தில் அமினோபுரோப்பைல் அமீன் என்ற காரப்பொருளோடு கொழுப்பமிலத்தைச் சூடேற்றிக் கூட்டி, பிறகு குளோரோ அசெட்டிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால்தான் பீட்டெய்ன் பிறக்கிறது. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை, மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. இரண்டாவது, அந்த வால்கூடத் தென்னையிலிருந்துதான் வரவேண்டும் என்ற கட்டாயமில்லை. இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளையும் செம்பனையின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயிலும் லாரிக் அமிலம் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதால், எது மலிவோ அதை உபயோகிப்பது உலகமெங்கும் தொழிலின் வழக்கம். 2025-ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அரவைக் கொப்பரைக்கு மத்திய அரசு நிர்ணயித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய். சந்தை விலையோ அந்த ஆண்டில் அதை வெகுதூரம் பின்னால் விட்டுவிட்டு ஏறிற்று. காங்கேயத்துக் களங்களில் கொப்பரை அப்படி விலைபோன நாட்களிலும் ஷாம்பு பாக்கெட்டின் தேங்காய்ப் படம் கொஞ்சமும் சுருங்கவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம்.

மூன்றாவது விஷயம் வைத்தியத்தைச் சேர்ந்தது. மிக மென்மையானது என்று பெயர்பெற்ற இதே வஸ்துவை, அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர்களின் சங்கம் 2004-இல் அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பெரும்பாலோருக்கு இது ஒன்றும் செய்யாது; ஒரு சிலருக்கே இமையிலும் கழுத்திலும் உச்சந்தலையிலும் தடிப்பும் அரிப்பும் உண்டாகும். அதற்கும் பீட்டெய்னைவிட, தயாரிப்பின்போது வினைபுரியாமல் எஞ்சிவிடும் அமீன் முதலிய கசடுகளே முக்கிய காரணம் என்று கருதப்படுகிறது. ஆகவே நல்ல தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரித்ததற்கும் அவசரத்தில் தயாரித்ததற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. தேங்காய்ப் படம் அந்த வித்தியாசத்தைச் சொல்லாது. அரிப்போடு வரும் நோயாளியிடம் வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி, “என்ன போட்டுக் குளிக்கிறீர்கள், அதில் என்ன இருக்கிறது?” என்பதுதான். இதற்குப் பதில் சொல்லக்கூடிய நிலையில் காட்டாங்குளத்தூரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தால், விஷயம் ஏழை பணக்காரன் என்ற பழைய கோட்டிலேயே வந்து நின்றுவிடுகிறது.

ஏனென்றால், இந்த ஊரில் ஷாம்பு பெரும்பாலும் புட்டியில் வாங்கப்படுவதில்லை. விடுதி மாணவியும், மறைமலை நகர்த் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வரும் தொழிலாளியும், கட்டட வேலைக்காக வடக்கிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருப்பவரும், பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் பாக்கெட்டில் ஒன்றிரண்டைக் கிழித்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த ஏற்பாடு நம்முடைய தமிழ்நாட்டின் கண்டுபிடிப்பு என்பதில் நமக்குப் பெருமை உண்டு. ஏழையும் வாங்கக்கூடிய அளவில் சரக்கைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்ற யோசனையை முதலில் நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன். அவர் குடும்பத்தில் பிறந்த வெல்வெட் ஷாம்புவும், அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு ஆரம்பித்த சிக் ஷாம்புவும், அதுவரை பணக்கார வீட்டுக் குளியலறையை விட்டு வெளியே வராதிருந்த ஒரு சரக்கைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை கொண்டுவந்து சேர்த்தன. பிறகு பெரிய கம்பெனிகளெல்லாம் அந்த வழியைப் பின்பற்றின. அதை நான் குறைசொல்லவில்லை. பாக்கெட் ஒரு ஜனநாயகக் காரியத்தைச் செய்தது.

ஆனால் சட்டம் அந்தப் பாக்கெட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள், ஒவ்வொரு சரக்கின் உறைமேலும் அதன் சேர்மானங்களை, அதிகமாயிருப்பதிலிருந்து குறைவாயிருப்பது வரை, வரிசையாக அச்சிட வேண்டுமென்று கட்டளையிடுகின்றன. உடனேயே, 60 மில்லிலிட்டருக்குக் குறைவான திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைவான திட, அரைத்திடச் சரக்குக்கும் இந்தப் பட்டியல் வேண்டியதில்லை என்று விலக்கும் அளித்துவிடுகின்றன. பழைய 1945-ஆம் வருஷத்து விதிகளில் இருந்த சலுகைதான் இது, அப்படியே தொடர்கிறது. பெரிய புட்டி வாங்க வசதியுள்ளவருக்குத் தன் தலையில் என்ன தேய்க்கிறோம் என்று அறியும் உரிமை உண்டு. ஒரு ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கு அந்த உரிமை இல்லை என்பதுதான் இதன் பச்சையான பொருள். சில கம்பெனிகள் தாமாகவே பாக்கெட்டிலும் பட்டியலை அச்சிடுகின்றன என்பது வாஸ்தவம். பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில், ஆங்கிலத்தில்.

பாஷை விஷயமும் இதோடு சேர்ந்ததே. பொட்டலப் பொருள்கள் பற்றிய 2011-ஆம் ஆண்டு விதிகள், பெயர், அளவு, விலை முதலிய விவரங்கள் இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தாக வேண்டும் என்கின்றன. வேறு பாஷையைக் கூடச் சேர்த்துக்கொள்ளலாம், தடையில்லை. தடையில்லை என்ற அந்தத் தயவின்மேல்தான் தமிழ் நிற்கிறது. தனித்தமிழுக்காக ஆயுள் முழுவதும் பாடுபட்ட மறைமலையடிகளின் பெயர் தாங்கிய நகரத்துக் கடைகளில், தேங்காய்ப் படத்தின் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் விளம்பரம் இருக்கிறது, உள்ளே இருப்பதைச் சொல்லும் இடத்தில் தமிழ் இல்லை. (இவ்வளவு வடசொல் கலந்து எழுதும் எனக்கு அடிகளாரைச் சாட்சிக்கழைக்க அருகதை உண்டா என்று கேட்பவர்கள் கேட்கலாம்; ஷாம்பு பாக்கெட்டைக் காட்டிலும் என் நடையில் அவருக்குக் கோபம் குறைவாகவே வந்திருக்குமென்று நம்புகிறேன்.)

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் ஆட்சேபங்கள் இரண்டு. பாக்கெட்டில் இடமில்லை என்பது ஒன்று. நடிகையின் முகத்துக்கும் தேங்காயின் முகத்துக்கும் இடமிருக்கும்போது ஐந்தாறு வார்த்தைக்கு இடமில்லை என்பதை ஒப்புக்கொள்வது கஷ்டம். மற்றொன்று, அச்சிட்டாலும் ஜனங்கள் படிக்கமாட்டார்கள், படித்தாலும் புரியாது என்பது. இதற்கு எதிரான சாட்சியம் சோப்பு உறையிலேயே இருக்கிறது. சோப்பில் மொத்தக் கொழுப்பு 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இரண்டாம் தரம், 60 மூன்றாம் தரம் என்று தர நிர்ணயம் ஏற்பட்டு, அந்த எண்ணை உறையில் அச்சிடும் பழக்கம் வந்தபிறகு, இரசாயனம் படிக்காத குடும்பத்தலைவிகள் சோப்பைத் திருப்பி “டி.எஃப்.எம். எவ்வளவு?” என்று பார்த்து வாங்கக் கற்றுக்கொண்டார்கள்; கம்பெனிகளும் அந்த எண்ணையே விளம்பரமாக்கின. எண்ணைச் சொன்னவுடன் ஜனங்கள் அதைக் கொண்டு தர்க்கம் செய்யத் தெரிந்துகொள்கிறார்கள். படத்தைக் காட்டினால் படத்தை நம்புகிறார்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. 60 மில்லிலிட்டர் என்ற விலக்கை நீக்குவது மத்திய அரசின் பொறுப்பு. அதுவரை காத்திராமல் இங்கேயே செய்யக்கூடியது ஒன்றுண்டு: அழகுசாதனத் தயாரிப்புக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலத்திடமே இருப்பதால், இங்கே தயாராகும் பாக்கெட் சரக்குகளுக்காவது, ஒவ்வொரு பாக்கெட்டிலும் முடியாவிட்டால் சரத்தின் தலைப்பட்டையிலாவது, சேர்மானப் பட்டியலைத் தமிழில் அச்சிடும்படி தயாரிப்பாளர்களை அழைத்துப் பேசி இணங்கச் செய்யலாம், அரசாங்கமே சந்தை ஏற்படுத்திக் கொடுக்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களின் சரக்கிலிருந்து ஆரம்பித்தால், கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் சரக்கெடுக்கும் அந்தப் பெண்களே பெரிய கம்பெனிகளுக்கு முன்மாதிரியாகிவிடுவார்கள். பீட்டெய்னின் வால் தேங்காயிலிருந்தா செம்பனையிலிருந்தா என்பதையும், திரவத்தின் அமில கார எண் எவ்வளவு என்பதையும் கூடவே ஒரு வரியில் சொல்லிவிடலாம். தேங்காய்ப் படம் போடுகிறவர்களுக்கு முதலாவதைக் கட்டாயமாகவே ஆக்கலாம். தண்ணீர், சோடியம் லாரெத் சல்பேட், கோக்கமிடோபுரோப்பைல் பீட்டெய்ன், உப்பு, வாசனை, கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்து, நிறம்: சாதாரண ஷாம்பு ஒன்றின் முக்கியப் பட்டியல் அநேகமாக இத்தோடு முடிந்துவிடுகிறது, தீப்பெட்டிச் சித்திரத்தின் அளவுள்ள இடத்தில் தாராளமாக அடங்கிவிடுகிறது.